மடக்கு சைக்கிளும் சகலையும்

1

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்காது. காரைக்காலை விட்டு பிரான்சுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. குளிருக்குப் பழகிவிட்டேன். மூன்று வேளையும் ரொட்டியைக் கண்ணில் பார்ப்பதற்குப் பழகிவிட்டேன். ஐந்தாவது மாடியில், கீழ்வீட்டுக்காரன் இருமினால்கூடக் கேட்கிற வீட்டில் குடியிருக்கவும் பழகிவிட்டேன். என் சகலை சவரிராயனுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

சவரிராயன் என் மனைவி பிலோமியின் அக்காள் செசிலியைக் கட்டியவர். எனக்கு நாலு வருஷம் முன்னால் இங்கே வந்தவர். எனக்கு வேலை பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை வெந்நீர் வாசனைக்கு நடுவே கட்டில் விரிப்புகளை மடிக்கிறேன். இப்படி உதவி செய்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். உதவி செய்தவரைப் பார்த்துத்தான் சார் அதிகம் வரும். பட்டுப் பாருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் ரெஜி போன் செய்தாள். இருபது வயதாகிறது. வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். "அப்பா" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் பிரெஞ்சு. நிலவறையில் அந்த ஆரஞ்சு வண்டி இன்னும் இருக்கிறதா, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாமா, காம்பிங் போகிறேன் என்றாள். யாரோடு என்று கேட்டேன். சிநேகிதர்களோடு என்றாள். பன்மையில்தான் சொன்னாள், ஆனால் குரல் ஒருமையில் இருந்தது.

இங்கே அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரைக்குக் கீழே பூட்டுப் போட்ட ஓர் அறை கொடுப்பார்கள். சாயங்காலம் அங்கே இறங்கிப்போய் வண்டியை வெளியே இழுத்தேன். நடுவில் இரண்டாக மடிந்து, பழைய சாக்குக்கு அடியில் கிடந்தது. துடைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, விரித்துத் திருகை இறுக்கினேன். கேரியரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அந்தக் கேரியருக்காகத்தான் இந்த வண்டியை வாங்கினேன். அந்தக் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2

காரைக்காலில் எங்கள் வீடு கோவில்பத்தில். என் அண்ணனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. எனக்கு இருந்தது அதன் கேரியர். பள்ளிக்கூடம், மாதா கோயில், கடைத்தெரு, மீன் வாங்கக் கிளிஞ்சல்மேடு என்று எங்கே போனாலும் அண்ணன் மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது வயது வரை நான் பார்த்த உலகத்தில் பாதி அண்ணனின் முதுகு.

டபுள்ஸ் போவது அப்போது குற்றம். எங்கள் போலீஸ்காரர்கள் சிவப்பு உருளைத் தொப்பி வைத்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பிடித்தால் அடிக்க மாட்டார்கள், வண்டியின் வால்டியூபைப் பிடுங்கி காற்றை இறக்கிவிட்டுப் போகச் சொல்வார்கள். அரசலாற்றுப் பாலத்திலிருந்து கோவில்பத்து வரை காற்றில்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்குத்தான் தெரியும் அது அடியைவிட மோசம் என்று.

அதற்காக ஒரு ஏற்பாடு இருந்தது. தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் மிதிப்பவர் "தொப்பி!" என்பார். அவ்வளவுதான். பின்னால் இருப்பவன் அந்தக் கணமே குதித்து, ஓரமாக நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், வானத்தையோ மரத்தையோ பார்க்க வேண்டும், முன்னால் போகிற சைக்கிளுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவன்போல் இருக்க வேண்டும். போலீஸ்காரரைத் தாண்டித் திருப்பத்தில் திரும்பியதும் ஓடிப்போய் மறுபடி ஏறிக்கொள்ளலாம். குதிப்பது யாருக்கும் வரும். ஓடுகிற வண்டியில், முன்னால் இருப்பவருக்கு ஹேண்டில் ஆடாமல் ஏறுபவன்தான் ஆள். நான் ஏறினால் ஆடாது. அண்ணனே சொல்லியிருக்கிறார்.

சவரிராயனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. டவுனில் வீடு, அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பச்சைச் சைக்கிளில் வருவார். முன்னால் டைனமோ விளக்கு, பின்னால் சிவப்புக் கண்ணாடி, மணி அடித்தால் கோயிலுக்குள் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் சுவரில் சாய்க்க மாட்டார், தனியாக ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். செசிலியும் பிலோமியும் அப்போது பாவாடை தாவணியில் அந்தச் சைக்கிளைக் கடந்துதான் உள்ளே போவார்கள். இரண்டு பேருமே அதைப் பார்ப்பார்கள். பிற்காலத்தில் அவர் அக்காளையும் நான் தங்கையையும் கட்டினோம். என்றாலும் பிலோமி அந்தப் பச்சைச் சைக்கிளைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை.

அதை நான் அவளிடம் ஒருமுறை கேட்டும்விட்டேன். "நான் சைக்கிளப் பாத்தேனா? எனக்கு ஞாபகமே இல்லீங்களே" என்றாள். ஞாபகம் இல்லாவிட்டால் இத்தனை சீக்கிரம் பதில் வருமா?

3

காம்பிங் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதம் வந்தால் இந்த நாட்டு ஜனங்கள் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ கூடாரம் அடித்து, தரையில் படுத்து, வரிசையில் நின்று பல் தேய்த்து, அதற்குப் பணமும் கொடுத்துவிட்டு வருவார்கள். முதலில் கேட்டபோது பிலோமிக்குப் புரியவில்லை. "வேளாங்கண்ணிக்கு நடந்து போறப்ப வழியில படுக்கிறோமே, அது மாதிரிங்களா?" என்றாள். அது மாதிரிதான் என்றேன். "அப்ப கோயில் எங்க இருக்கு?" என்றாள். கோயில் கிடையாது என்றதும் அவளுக்கு மறுபடி புரியாமல் போய்விட்டது.

பதினொரு வருஷத்துக்கு முந்தைய கோடையில் சவரிராயன் எங்களையும் அழைத்துப்போனார். அவரிடம் கேரவன் இருந்தது. அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. அதன் பின்னால் நாலு மடக்கு சைக்கிள்கள், ஆளுக்கொன்று, எல்லாம் ஒரே நீலம். மூன்று கியர் வைத்தவை. கேரவன் நிழலில் நாங்கள் கூடாரம் அடித்தோம். கூடாரமும் அவர் கொடுத்ததுதான்.

ரெஜிக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் பெரியப்பாவின் பிள்ளைகளோடு நீலச் சைக்கிளில் ஏறிப்போனால் சோற்றுக்குத்தான் வருவாள். செசிலி தன்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். ரொட்டிக்கடை மூன்று கிலோமீட்டர். அவர்கள் பறந்து போய் வந்துவிடுவார்கள், நானும் பிலோமியும் நடந்து போய் ஆறிப்போன ரொட்டியோடு திரும்புவோம். மூன்றாவது நாள் ரெஜி கேரவனில் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். நாலாவது நாள் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வருஷம் பெரியப்பா காரிலேயே போகிறேன் என்றாள். நான் தமிழில் கேட்டேன்: "எங்ககூட வர மாட்டியா?" அவள் பிரெஞ்சில் சொன்னாள்: "சைக்கிள் இருந்தா வரேன்."

பிள்ளை கேட்டது சைக்கிள்தான். ஆனால் எனக்குக் கேட்டது வேறு. ஒரு சைக்கிள் வாங்காவிட்டால் மகள் போய்விடுவாள் என்று கேட்டது. அந்த வருஷம் முழுவதும் எனக்கு வேறு எண்ணமே இல்லை.

4

எனக்கு வேண்டியது இதுதான். எங்களுடைய பழைய குட்டிக் காரின் பின்பெட்டியில் கூடாரத்தோடு சேர்த்து அடங்க வேண்டும், ஆகவே மடக்கு வண்டி. என் சம்பளத்துக்குள் இருக்க வேண்டும், ஆகவே ஒன்றே ஒன்று. ரெஜியும் ஓட்ட வேண்டும் நானும் ஓட்ட வேண்டும், ஆகவே சீட்டும் ஹேண்டிலும் ஏறி இறங்க வேண்டும். நாலாவது நிபந்தனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. டபுள்ஸ் தாங்க வேண்டும்.

இதை அண்ணனுக்குக் கடிதத்தில் எழுதினேன். அவர் பதில் எழுதினார்: "தம்பி, கார் இருக்கிறது என்கிறாய். பிறகு சைக்கிள் எதற்கு? அந்தச் சைக்கிளையும் காருக்குள் ஏற்றிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?"

முதலில் பெரிய அங்காடிக்குப் போனேன். வரிசையாகப் புது வண்டிகள். விலை மலிவு, பார்க்க அழகு. ஒன்றை விரித்து மடித்துப் பார்த்தேன். நாள் முழுவதும் மடிக்கிற தொழில் என்பதால் மடிப்பில் எனக்குக் கொஞ்சம் கண் உண்டு. கீலில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தது. கடையில் மயிரிழை என்றால் ஆறு மாதத்தில் விரல் நுழையும். கேரியரோ இடியாப்பத் தட்டுக் கம்பிபோல மெல்லியது. விட்டுவிட்டேன்.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் தன்னுடையதை விற்பதாகச் சொன்னார். அருமையான வண்டி, எடை குறைவு. ஆனால் கேரியரே இல்லை. "எடை குறைய வேண்டுமென்று கழற்றி எறிந்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் முழுவதாகத் தீரவில்லை.

பிறகு ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "ப்ளியான், நல்ல நிலையில், மலிவு." ப்ளியான் என்றால் மடங்குவது. மடக்கு சைக்கிளை எல்லாரும் அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். போன் செய்தேன். வயதான அம்மாள் ஒருவர் பேசினார். கனம் தாங்குமா என்று கேட்டேன். என் கணவர் நூறு கிலோ, அவரையே பத்து வருஷம் தாங்கியது என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காம்பிங்குக்கு எடுத்துப்போகலாமா என்றேன். அதற்காகவேதான் வாங்கினோம் என்றார். இரண்டு பேருந்து மாறிப்போனேன். அந்த அம்மாள் கதவைத் திறந்து, துணி வைத்த மடக்கு முக்காலி ஒன்றை என் கையில் கொடுத்தார். சைக்கிள் என்ற சொல்லை முன்னால் போடாமல் வெறும் ப்ளியான் என்று சொன்னால் இந்த ஊரில் முக்காலி என்று அர்த்தமாம். அவர் காப்பி வேறு போட்டு வைத்திருந்தார். எப்படி வேண்டாமென்று சொல்வது? வாங்கிக்கொண்டு வந்தேன். ரெஜி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மிதிகட்டை எங்கே என்று கேட்டாள். அந்தக் கதை அன்றைக்கே பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் பூசை முடிந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன சகல, முக்காலிக்குக் காத்து அடிச்சாச்சா?"

கடைசியில் இந்த ஆரஞ்சு வண்டி பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. பழைய இரும்பு, நல்ல கனம், கியர் கிடையாது, ஒரு பக்கம் வண்ணம் உரிந்திருந்தது. கீல் மட்டும் என் உள்ளங்கை அகலம். கேரியர் தடித்த குழாயில் வளைத்து, இரண்டு பக்கமும் சட்டத்தோடு பற்றவைத்திருந்தது. விற்றவன் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான், மணி அடித்துக் காட்டினான். நான் அதெல்லாம் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, "பிலோமி, பின்னாடி ஏறு" என்றேன்.

"இங்கயாங்க? இத்தன பேரு பாக்குறாங்க."

"பாத்தா பாக்கட்டும். ஏறு."

புடவை, அதன்மேல் குளிர்கோட்டு, கையில் காய்கறிப் பை. ஒரு பக்கமாக உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சந்தைக்கு நடுவில் ஒரு வட்டம் போட்டேன். விற்றவன் தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். "ஐயா, அது ரொட்டி வைக்கிற இடம், அம்மாள் வைக்கிற இடம் அல்ல!" என்று கத்தினான். கேரியர் முனகக்கூட இல்லை. வாங்கிவிட்டேன்.

5

இதை எழுத வேண்டாமென்று பிலோமி சொன்னாள். எழுதுகிறேன்.

வண்டி வாங்கிய மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மேரிக்குப் போனேன். நகராட்சி அலுவலகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காரைக்காலில் பழைய ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள். நம்மூரில் சைக்கிள் வாங்கினால் அங்கே போய் வரி கட்டிப் பித்தளைப் பில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும் அல்லவா? பில்லை இல்லாமல் நான் வண்டி ஓட்டியதில்லை. பிறப்புச் சான்று, குடியுரிமைச் சான்று, வீட்டு வாடகைச் சீட்டு, மூன்று போட்டோ எல்லாம் எடுத்துப்போனேன். முதல் ஜன்னலில் இருந்த பெண் இரண்டாவது ஜன்னலுக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவர் மாடிக்கு அனுப்பினார். மாடியில் என் குடியுரிமைச் சான்றை மட்டும் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சைக்கிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கடைசியில் ஓய்வு பெறப்போகிற வயதில் ஒருவர் வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. "சைக்கிள் பில்லையா? அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள் ஐயா. என் அப்பா வண்டியில் இருந்தது. நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். காரைக்கால் என்றேன். அது பிரான்சில் எந்தப் பக்கம் என்றார்.

இவர்கள் கொண்டுவந்து கொடுத்த வழக்கத்தை நாங்கள் விடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம், இவர்கள் மறந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு இந்த நாட்டின் மேலேயே பொறாமை வந்தது. எதை வேண்டுமானாலும் மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

6

ரெஜி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்தக் கோடையில் எங்கள் காரில்தான் வந்தாள். ஆரஞ்சு வண்டியின் ஹேண்டில் பின்சீட்டு வரை நீட்டிக்கொண்டிருக்க, அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

காம்பிங் வாசலில் எல்லாம் தீர்ந்துபோனது. அவளுடைய அண்ணன்மார் நீல வண்டியில் வந்து எங்களை எதிர்கொண்டார்கள். அந்த நாலும் போன வருஷத்தைவிடப் பளபளவென்று இருந்தன. மூத்தவன் ஆரஞ்சு வண்டியைப் பார்த்து, இதற்குக் கியர் எங்கே என்றான். ரெஜியின் காது மடல் சிவந்தது. மறுநாள் காலையிலேயே செசிலியின் நீல வண்டியில் போய்விட்டாள். என் வண்டி கூடாரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் பிலோமி துவட்டின துண்டைக் காயப்போட்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அந்த முக்காலிதான்.

இப்படியே நாலு நாள். எனக்கு யார்மேல் அதிகக் கோபம் என்று தெரியவில்லை. பெற்ற பெண்மேல் பொறாமைப்பட முடியாது. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துச் சவரிராயன்மேலேயே வைத்தேன். அவர் சிரித்தால் எரிந்தது. கேரவன் படியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டால் எரிந்தது. என்னைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் இன்னும் எரிந்தது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு மத்தியானத்துக்குமேல் ரொட்டிக்கடையைப் பூட்டிவிடுவார்கள். சவரிராயனின் வண்டியில் முள் குத்தியிருந்தது. மற்ற மூன்றையும் பிள்ளைகள் இறங்கிக் கொடுப்பதாக இல்லை. காரை எடுக்கலாமென்றால் அதைக் கேரவனோடு கட்டி, நிழலுக்குத் துணிக் கூரை வேறு இழுத்துவிட்டிருந்தார். என்னிடம் வந்தார்.

"சகல, ஒங்க வண்டியக் கொஞ்சம் குடுங்களேன். ஓடிப் போயிட்டு வந்துர்றேன்."

கொடுத்திருக்கலாம். ஒரு மனிதன் சைக்கிள் கேட்டால் கொடுப்பதுதானே வழக்கம். ஆனால் என் மகள் ஏறாத வண்டியில் அவர் ஏறிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"நானும்தான் போவணும். பின்னாடி ஒக்காருங்க" என்றேன்.

அவர் கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எண்பது கிலோ ஆள். ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் தங்கள் வண்டிகளில் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ரெஜி மணியை அடித்துக்கொண்டே வந்தாள். போகும்போது எனக்கு மூச்சே இல்லை.

திரும்பும்போது அவர் மடியில் ஆறு நீள ரொட்டிகள். ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டி ஒரு வளைவு. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி இரண்டு ழாந்தார்ம்கள், அதாவது நாட்டுப்புறப் போலீஸ்காரர்கள், நின்றிருந்தார்கள். தலையில் அதே உருளைத் தொப்பி. நிறம் மட்டும் வேறு.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகவே சொன்னது.

"தொப்பி!"

அடுத்த மிதியில் வண்டி இலேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சவரிராயன் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். ரொட்டிகளை அக்குளில் இடுக்கி, கைகளைப் பின்னால் கட்டி, ஓர் ஆலமரமே இல்லாத ஊரில் ஏதோ ஆலமரத்தைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஜென்மத்தில் உறவில்லை.

ழாந்தார்ம்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் தொப்பியில் கை வைத்து, "போன்ழூர்" என்றார். நானும் போன்ழூர் என்றேன். பத்தடி பின்னால் வந்த சவரிராயனும் தனியாக ஒரு போன்ழூர் சொன்னார். வளைவு திரும்பியதும் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. ஏறினார். ஹேண்டில் ஆடவில்லை.

நான் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"ஒங்களுக்கு எப்படிங்க இது தெரியும்? ஒங்ககிட்டதான் பச்ச சைக்கிள் இருந்துச்சே?"

"எங்கிட்டயா?" என்றார். "அது எங்க மாமா மவனோட வண்டி சகல. ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டுந்தான் குடுப்பான். தொடச்சு எண்ண போட்டுத் திருப்பிக் குடுக்கணும். மத்த ஆறு நாளும் அவன் மிதிப்பான், நான் பின்னாடி. தொப்பி தொப்பின்னு எத்தன தடவ குதிச்சிருப்பேன்!"

"ஸ்டாண்டு போட்டு நிறுத்துவீங்களே, செவுத்துல சாய்க்காம?"

"அடுத்தவன் வண்டியில கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இருபது வருஷம். இருபது வருஷமாக யாரோ ஒரு மாமா மகனுடைய சைக்கிளைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அந்த ஆள் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேரவன் யாருடையது என்று உடனே கேட்டேன். அது அவருடையதுதானாம். சரி, அந்தப் பொறாமை மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குள் ரெஜி வந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் புல்லில் சரிந்திருக்கிறாள், முட்டியெல்லாம் பச்சை. பெரியப்பா ஏன் குதித்தார், அப்பா என்ன கத்தினார் என்று பிரெஞ்சில் கேட்டாள். சொன்னேன். நீல வண்டியை அங்கேயே புல்லில் போட்டாள். கேரியரில் ஏறி உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தமிழில், "தொப்பி சொல்லுங்கப்பா" என்றாள்.

சாயங்காலம் வரை சொன்னேன். குதித்தாள், விழுந்தாள், மறுபடி ஏறினாள். அவளுடைய அண்ணன்மாரும் வரிசையில் நின்றார்கள். நீல வண்டிகள் நாலும் புல்லில் கிடந்தன. சவரிராயன் கேரவன் படியில் உட்கார்ந்து என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சகல, இத எங்க வாங்குனீங்க?" என்றார் கடைசியில்.

எனக்கு ஞாபகமில்லை என்றேன். சீக்கிரமாகவே சொன்னேன்.

7

சனிக்கிழமை ரெஜி வந்தாள். கூட ஒருவன் வந்தான். தோமா என்றாள். நம் தோமையார் பெயர்தான். வைக்கோல் நிற முடி, என்னைவிட ஒரு முழம் உயரம். பிலோமி முறுக்கு கொடுத்தாள். அவன் ஒன்றை உடைக்காமல் முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தான். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கீழே இறங்கி வண்டியை எடுத்துக் கொடுத்தேன். கீலின் திருகை எந்தப் பக்கம் இறுக்குவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கவனமாகக் கேட்டான். யார் மிதிப்பது என்று நான் கேட்கவில்லை. கேரியரைக் காட்டி, இது ரொட்டி வைக்கிற இடம் என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். ரெஜி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு நானும் பிலோமியும் ஐந்தாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தோம். ரெஜிதான் மிதித்தாள். அவன் பின்னால், கால்கள் தரையில் இழுபட, உட்கார்ந்திருந்தான். என் இடத்தில். அண்ணனுக்குப் பின்னால் நான் உட்கார்ந்த இடம், எனக்குப் பின்னால் அவள் உட்கார்ந்த இடம். என் வயிறு எரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

தெருமுனையில் ஒரு போலீஸ் வண்டி திரும்பியது. ரெஜியின் குரல் ஐந்து மாடி ஏறி வந்து கேட்டது.

"தொப்பி!"

அவன் குதித்தான். சுவரோரமாக நடந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், வானத்தைப் பார்த்தான். ஒரு நாளில் வருகிற பழக்கம் அல்ல அது.

பிலோமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அந்தப் புள்ள நம்மூரு ஆளாட்டம் நடக்குது பாருங்க" என்றாள்.

போலீஸ் வண்டி போனது. அவன் ஓடிப்போய் ஏறினான். நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில் ஆடவே இல்லை.